வார்டெல் சேவிஸ் என்னும் சதவீதம்

வார்டெல் சேவிஸின் தொழில், கட்டுகிற வீடுகளுக்கு ஜிப்சம் பலகை அடிப்பது. கூரைப் பலகையை உச்சந்தலையால் முட்டுக்கொடுத்துக்கொண்டு, இரண்டு கையாலும் திருகாணி முடுக்குவான். நாற்பத்தொரு வயதுக்குள் அவன் தலை தட்டையாகிவிட்டது என்று மனைவி லொரீனா சொல்வாள். அது பொய்தான், ஆனால் அவனைப் பார்த்தால் நம்பத் தோன்றும். ராப்சன் மாவட்டத்து லம்பீ பூர்வகுடி ஆண்களில் முக்கால்வாசிப் பேர் இந்தத் தொழிலில்தான் இருக்கிறோம். வட கரோலினாவில் புது வீட்டுச் சுவர் எதைத் தட்டினாலும் அதற்குப் பின்னால் எங்கள் ஆள் ஒருவனின் வியர்வை காய்ந்திருக்கும். அந்த வீட்டில் குடியேறுகிறவர்கள் எங்களைக் கண்டால், "நீங்க எந்த நாட்டுலேர்ந்து வந்தீங்க?" என்று கேட்பார்கள். அவர்களுடைய தாத்தாவின் தாத்தா கப்பலேறுவதற்கு முன்பே நாங்கள் இந்த ஆற்றங்கரையில் சோளம் விதைத்துக்கொண்டிருந்தோம்.

அந்தக் கேள்வி ஒன்றைத் தவிர வார்டெலை யாரும் எதுவும் கேட்டதில்லை. மேஸ்திரி கேட்க மாட்டார், சொல்வார். டாக்டர் கேட்க மாட்டார், எழுதிக் கொடுப்பார். பாதிரியார் கேள்வி கேட்டுவிட்டு அவரே பதிலும் சொல்லிவிடுவார். ஆகையால் அந்த வசந்த காலத்தில் ஒரு பெண் போன் செய்து, "உங்கள் கருத்து எங்களுக்கு முக்கியம்" என்றபோது, வார்டெல் ஏணியிலிருந்து இறங்கி, கையைத் துடைத்துக்கொண்டு, தலைகீழாகக் கவிழ்த்த பெயிண்ட் வாளியில் உட்கார்ந்தான்.

அது ஜனாதிபதித் தேர்தல் ஆண்டு. நீலக் கட்சிக்கு எங்கள் மாநில ஆளுநர் விட்கம் நின்றார். சிவப்புக் கட்சிக்கு வேறு மாநிலத்துச் செனட்டர் ட்ரேப்பர். வாரா வாரம் ஒரே ஆட்களிடம் கேட்டுக் கேட்டு, காற்று எந்தப் பக்கம் திரும்புகிறது என்று சொல்லும் கருத்துக்கணிப்பு ஒன்று நடந்தது. அதில் சேரச் சம்மதமா என்றாள் அந்தப் பெண். பெயர் ட்ரிஷா. வார்டெல் கல்யாணத்துக்குச் சம்மதம் சொன்னதைவிட வேகமாகச் சம்மதித்தான்.

"மிஸ்டர் சேவிஸ், இன்னைக்கே தேர்தல்னா ஆளுநர் விட்கமுக்கு நீங்க ஓட்டுப் போட எவ்வளவு வாய்ப்பு? சுழியத்துலேர்ந்து நூறுக்குள்ள ஒரு எண் சொல்லுங்க."

"மேடம், எங்கப்பா நீலம், எங்க தாத்தா நீலம். உயிரோட இருந்தா போடுவேன்."

"அப்போ நூறுன்னு எழுதிக்கவா?"

"அவசரப்படாதீங்க. எங்க ரோட்டுல தண்ணி நிக்குது. அதுக்கு ஒரு பன்னண்டு கழிச்சுக்கங்க. நேத்து டிவில ஆஸ்பத்திரி பத்தி நல்லாப் பேசினாரு, அதுக்கு ரெண்டு குடுங்க. தொண்ணூறு."

அன்றிலிருந்து வியாழக்கிழமை மாலைகளில் வார்டெல் பரீட்சைத் தாள் திருத்தும் வாத்தியாரானான். வாரம் முழுக்க மார்க் சேர்ப்பான், கழிப்பான். வேலையிடத்தில் அவனுடைய மச்சான் டெல்பர்ட் பலகையைத் தூக்கிப் பிடித்தபடி, "டேய், திருகாணிய முடுக்குடா, கை போகுது" என்று கத்தினால், "இருடா, ஆளுநரு ஆசிரியர் சம்பளம் பத்திப் பேசறாரு" என்று ரேடியோவை நோக்கிக் காதைத் திருப்புவான்.

ரேடியோவைப் பற்றிச் சொல்ல வேண்டும். எங்கள் மாவட்டத்துக்கு ஒரே ஒரு சின்ன வானொலி நிலையம். காலையில் பக் ஸ்ட்ரிக்லண்ட் பேசுவார், சிவப்பு. மாலையில் மிஸ் அலீன் மெக்நீல், நீலம். இருவருக்கும் ஒரே நாற்காலி. பக் அதை உயர்த்தி வைத்துவிட்டுப் போவார். அலீன் வந்ததும் அதை இறக்கியபடியே, "காலையில் இந்த நாற்காலியிலிருந்து வெளியான பொய்களைப் பார்ப்போம்" என்று தொடங்குவார். பல வருஷமாக இருவரும் நேரில் பேசிக்கொண்டதில்லை. நாற்காலி வழியாகத்தான் உறவு.

பிரஷ் க்ரீக் சாலைதான் எங்கள் குடியிருப்பை நகரத்தோடு இணைக்கிறது. அதன் நடுவே ஓடை குறுக்கிடுகிற இடத்தில், சாலைக்கு அடியில் ஒரு பழைய குழாய். அது இடிந்து அடைத்துப் பல காலம் ஆயிற்று. ஒரு நல்ல மழை பெய்தால் தண்ணீர் சாலைமேல் ஏறிவிடும். சுற்றிப் போனால் ஒரு மணி நேரம். வார்டெலின் பெர்டி அத்தைக்கு இரண்டு சிறுநீரகமும் போய்விட்டது. செவ்வாய், வியாழன், சனிக்கிழமைகளில் மத்தியானம் நகரத்துக்குப் போய் டயாலிசிஸ் செய்துகொள்ள வேண்டும். மழைக்கு அது தெரியாது. சாலை இலாகாவுக்குத் தெரியும், ஏனென்றால் அத்தை மாதா மாதம் போன் போட்டுச் சொன்னார். பணக்காரர்கள் கோல்ஃப் ஆடுகிற ஊரில் புல்லில் தண்ணீர் நின்றால் மறுநாள் லாரி வருகிறது. எங்கள் சாலைக்கு "பரிசீலனையில் உள்ளது" என்கிற பதில் மட்டும் வரும்.

மே மாதம் ஒரு வியாழக்கிழமை. வார்டெல் வண்டி நிறையப் பலகையோடு வந்து பிரஷ் க்ரீக்கில் இறங்கிவிட்டான். ஜிப்சம் பலகை நனைந்தால் காப்பியில் ஊறிய பிஸ்கட். இடுப்பளவு தண்ணீரில் நின்று அவன் கரைந்துபோகும் பலகையைப் பார்த்துக்கொண்டிருக்கும்போதே போன் அடித்தது.

"மிஸ்டர் சேவிஸ், சுழியத்துலேர்ந்து நூறுக்குள்ள..."

"மூணு."

"மூணா?"

"அந்த மூணும் உங்களுக்காகத்தான் மேடம். நீங்க மரியாதையாப் பேசறீங்க."

திங்கட்கிழமை காலை பக் ஸ்ட்ரிக்லண்டின் குரல் தேனாக வழிந்தது. மாநிலக் கணிப்பில் ஆளுநர் மூன்று புள்ளி சரிந்துவிட்டாராம். "இரும்பு வரி, நண்பர்களே. உழைப்பாளி விழித்துக்கொண்டான். ஆளுநரின் இரும்பு வரிப் பேச்சைக் கேட்டான், முகத்தைத் திருப்பிக்கொண்டான்." மாலையில் அலீன் நாற்காலியை இறக்கிவிட்டு, கணிப்பே கோளாறு என்றும், மக்கள் ஆளுநரின் சிக்கனத்தை மெல்ல மெல்லத்தான் புரிந்துகொள்வார்கள் என்றும் விளக்கினார். அடுத்த வாரம் வெயில் அடித்தது, வார்டெலுக்குப் பெரிய வேலை ஒன்று கிடைத்தது, ட்ரிஷாவிடம் எண்பத்தெட்டு என்றான். ஆளுநர் ஏறினார். பக் கணிப்பே கோளாறு என்றார். அலீன், "உழைப்பாளி விழித்துக்கொண்டான்" என்றார்.

கண்டுபிடித்தது லொரீனா. அவள் உயர்நிலைப் பள்ளியில் கணக்கு டீச்சர். கணிப்பு நிறுவனம் வெளியிட்ட அட்டவணையைப் போனில் விரித்துவைத்துக்கொண்டு இரவுச் சாப்பாட்டு மேசைக்கு வந்தாள்.

"வார்டெல், வண்டி முங்கின அன்னைக்கு அந்தப் பொண்ணுகிட்ட என்ன நம்பர் சொன்ன?"

"மூணு."

"அதுக்கு முந்தின வாரம்?"

"தொண்ணூறு. எதுக்குக் கேக்குற?"

"இங்க பாரு. 'கிராமப்புறப் பூர்வகுடி ஆண்கள், ஐம்பது வயதுக்குக் கீழ், கல்லூரிப் படிப்பு இல்லை.' முந்தின வாரம் தொண்ணூறு. அப்புறம் மூணு. இந்த வாரம் எண்பத்தெட்டு."

வார்டெல் முகம் மலர்ந்தது. "பாத்தியா, நம்ம பசங்க எல்லாரும் என்ன மாதிரியே நெனைக்கிறாங்க."

"எல்லாரும் இல்ல. அந்தக் கட்டத்துல இருக்கறது நீ ஒருத்தன்தான்."

"மத்தவங்க?"

"உன் மச்சான் தெரியாத நம்பர எடுப்பானா? வண்டி வாரண்டி விக்கிறவன்னு நெனச்சுக் கட் பண்ணிடுவான். எடுத்தவன் நீ ஒருத்தன். அதனால எல்லாரோட பாரத்தையும் உன் தலையில ஏத்திட்டாங்க. ஆயிரம் பேர் கணிப்புல உன் ஒரு பதில முப்பது பேரோட பதிலா பெருக்கிக்கறாங்க."

வார்டெல் தன் தட்டையான தலையைத் தடவிப் பார்த்துக்கொண்டான்.

இதைக் கணிதம் என்பார்கள். நானும் கணிதத்தை மதிக்கிறவன். ஆனால் ஒரு சமுதாயத்தையே கேட்க நேரமில்லாமல் ஒருவனைக் கேட்டு, மிச்சத்தைப் பெருக்கல் வாய்ப்பாட்டால் நிரப்பிவிட்டு, அதற்கு மேல் இரண்டு பேர் ரேடியோவில் உட்கார்ந்து 'உழைப்பாளியின் உள்ளம்' என்று உரை எழுதுவதற்குக் கணிதம் பொறுப்பல்ல. ஆவி வந்து ஆடுகிறவன் தலையிலும் இப்படித்தான் ஊர் முழுக்கத் தன் கேள்விகளை ஏற்றுகிறது. அவனுக்காவது கொஞ்சம் சாம்பிராணி கிடைக்கும்.

லொரீனா விஷயத்தைத் தங்கையிடம் மட்டும் சொன்னாள். ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிந்து வெளியே வரும்போது, மாநிலத்தின் மூன்று சதவீதம் தன் தொப்பியைத் தேடிக்கொண்டு நிற்பதை ஊர் மொத்தமும் வேடிக்கை பார்த்தது.

ஜூன் மாதம் ஆளுநரின் பிரசார ஆள் ஒருவன் வந்தான். தலைநகரத்துப் பையன், இஸ்திரி கலையாத சட்டை. பெர்டி அத்தை வாசலில் நின்று, எங்கள் ஊரில் எந்தப் புது முகத்திடமும் முதலில் கேட்பதைக் கேட்டார்.

"உங்க ஆளுங்க யாருப்பா?"

"ஆளுநர் விட்கம், மேடம்."

"அவரு உனக்குச் சித்தப்பனா?"

"இல்ல மேடம், நான் பிரசாரத்துல..."

"உன் அம்மா எந்தக் குடும்பம்னு கேட்டேன். சரி விடு, உள்ள வந்து சாப்பிடு."

சோள ரொட்டிக்கு நடுவே கொலார்ட் கீரையும் பன்றிக்கொழுப்பும் வைத்து அவன் கையில் கொடுத்தார்கள். சட்டையில் எண்ணெய் வழிய, அவன் விவரம் சொன்னான்: இந்தப் பகுதி ஆண்களின் மனநிலை தலைமையகத்தைக் கலங்கடித்துவிட்டது, ஆளுநர் மிகவும் கவலைப்படுகிறார், நேரிலேயே வந்து குறை கேட்கக்கூடும். வார்டெல் மூலையில் உட்கார்ந்து ஷூ நாடாவைக் கட்டிக்கொண்டேயிருந்தான்.

பையன் போனதும் அத்தை கதவைச் சாத்தினார்.

"வார்டெல். இங்க நம்ம கிராமத்து ரோடு கூட மாநில அரசோடதுதான?"

"ஆமா அத்தை."

"மாநில அரசு யாரோடது?"

"ஆளுநரோடது."

"அப்போ குழாய் பொதைச்சு மண்ணு மூடுற வரைக்கும் நீ அந்தப் பொண்ணுகிட்ட மூணுன்னே சொல்லு."

வார்டெல் எழுந்து நின்றுவிட்டான். "அத்தை, ஆயுசுல மொத தடவ ஒருத்தங்க என்னக் கேக்கறாங்க. அவங்ககிட்டப் போய்ப் பொய் சொல்லவா?"

"யாரு பொய் சொல்லச் சொன்னா? கோவமா இரு."

"கோவம் வரலியே. மழையே இல்லியே."

"வரவெப்போம்," என்றார் அத்தை.

இப்படித்தான் எங்கள் ஊர் வியாழக்கிழமைகள் தொடங்கின. நோக்கம், வார்டெலை மனப்பூர்வமாக, நேர்மையாக, பொய் கலக்காமல் கோபப்படுத்துவது. முதல் வியாழன் டெல்பர்ட் கையில் விடப்பட்டது. அவன் காலையிலிருந்து பக் ஸ்ட்ரிக்லண்டின் ரேடியோவை முழுச் சத்தத்தில் வைத்து, வார்டெல் காதருகிலேயே கட்டித் தொங்கவிட்டான். பக் அன்று ஆளுநரின் மனைவி வளர்க்கும் பூனையைக்கூட விடவில்லை. வார்டெலுக்குக் கோபம் வந்தது. திருகாணி முடுக்குகிற மெஷினைக் கீழே போடும் அளவுக்கு வந்தது. மாலையில் ட்ரிஷா கேட்டாள்.

"தொண்ணூத்தேழு," என்றான்.

ஆளுநர் இன்னும் கால் புள்ளி ஏறினார். அலீன் அன்று நாற்காலியை இறக்க மறந்து, உயரத்திலிருந்தே பேசினார்.

"அறிவு இருக்காடா உனக்கு?" என்று அத்தை டெல்பர்ட்டைப் பிடித்தார். "கோவம்னா எல்லாக் கோவமும் ஒண்ணா? யாரு மேல வரணுமோ அவங்க மேல வரணும்ல."

அடுத்த வியாழனை லொரீனா கையிலெடுத்தாள். சாயங்காலம் அவனை உட்காரவைத்து, "அத்தைக்காக நீயே ஒரு தடவ சாலை இலாகாவுக்குப் போன் பண்ணு" என்றாள், அவ்வளவுதான். இலாகா போனை எடுத்தது. எடுத்துக் காத்திருக்க வைத்தது. ஆர்கன் இசை வாசித்தது. இசைக்கு நடுவே ஆளுநரின் பதிவுசெய்த குரல், "வட கரோலினாவின் சாலைகள் எதிர்காலத்தை நோக்கிச் செல்கின்றன" என்றது. திரும்ப இசை. திரும்ப எதிர்காலம். வார்டெல் முதலில் தாளம் போட்டான், பிறகு நிறுத்தினான், பிறகு காது சிவந்தது. ஆளுநர் ஏழாம் முறையோ எட்டாம் முறையோ எதிர்காலத்துக்குக் கிளம்பியபோது மறுமுனையில் ஒருவர் வந்து, "பிரஷ் க்ரீக்கா? அப்படி ஒரு சாலை எங்க கணினியில இல்லையே" என்றார்.

ட்ரிஷா கூப்பிட்டபோது அவன் நான்கு என்றான். உண்மையான நான்கு.

ஜூலை முழுக்க எங்களுக்கு இதுவே வேலை. அவனை அந்த ஓடையில் வண்டி தள்ளவைத்தோம். பக்கத்து மாவட்டத்துக்குக் கூட்டிப்போய், ஆளே இல்லாத ஒரு தீம் பார்க்குக்குப் போட்டிருந்த நாலுவழிச் சாலையைக் காட்டினோம். ஒரு வாரம் எந்தச் சூழ்ச்சியும் பலிக்கவில்லை. அன்று டயாலிசிஸ் முடிந்து, மழையால் சுற்றுவழியில் வந்த அத்தை, வண்டியை விட்டு இறங்க முடியாமல் இருக்கையிலேயே சாய்ந்து கண்ணை மூடிக் கிடந்ததை அவன் பார்த்தான். அன்று யாரும் எதுவும் செய்யத் தேவைப்படவில்லை. எண் ஒன்று.

ரேடியோவில் ஒவ்வொரு எண்ணுக்கும் ஒரு காரணம் இருந்தது. நான்கு என்றால் சீனாவுடன் வர்த்தகம். இருபது என்றால் துணை ஜனாதிபதி வேட்பாளரின் தாடி. ஒன்று என்று வந்த வாரம் பக், "இது மதத்தின் மறுமலர்ச்சி" என்றார். தொலைக்காட்சியில் நாலு பேர் வட்ட மேசை போட்டு வட கரோலினாக் கிராமத்தானின் ஆன்மாவைக் கூறுபோட்டார்கள். கிராமத்தான் அப்போது பெட்ரோல் பங்க்கில் வண்டிச் சக்கரத்துக்குக் காற்றடித்துக்கொண்டிருந்தான்.

செப்டம்பர் முதல் சனிக்கிழமை ஆளுநரே வந்தார். சர்ச்சில் மீன் வறுவல் விருந்து. பேருந்து அளவு பெரிய பிரசார வண்டி, பக்கவாட்டில் அவர் சிரிப்பு. எந்த வழியாக வர வேண்டும் என்று அந்தச் சட்டைப் பையன் கேட்டதற்கு அத்தைதான் வழி சொல்லியிருந்தார். முந்தின நாள் நல்ல மழை. ஆளுநரின் சிரிப்பு கன்னம் வரை பிரஷ் க்ரீக்கில் இறங்கி நின்றது.

டெல்பர்ட் மீன்பிடிக்கிற தட்டைப் படகைக் கொண்டுவந்தான். இரண்டு பேர் உட்காரலாம், ஒருவர் துடுப்புப் போடலாம். அத்தை ஏற்கெனவே அதில் உட்கார்ந்திருந்தார், மடியில் கைப்பையோடு. சனிக்கிழமையல்லவா, அவருக்கு டயாலிசிஸ். ஆளுநர் கோட்டைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு எதிரே உட்கார்ந்தார். கேமராக்காரர்கள் தண்ணீரில் இறங்கினார்கள்.

"எவ்வளவு நாளா இப்படி இருக்கு, மேடம்?"

"நீங்க ஆளுநர் ஆகறதுக்கு முன்னாலேர்ந்து. ஆனதுக்கு அப்புறமும்."

"கட்டாயம் பாக்குறேன்."

"பாத்துக்கிட்டுத்தான இருக்கீங்க. கால மேல தூக்குங்க, ஷூ நனையுது."

"மொதல்ல என்ன சர்ச்ல விட்டுட்டு..."

"மொதல்ல ஆஸ்பத்திரிக்கு வண்டி நிக்கிற கரை. அப்புறம் சர்ச்சு. உங்க மீனு ஆறினாலும் திங்கலாம்."

அந்தப் படம் நாடு முழுக்கப் போனது. பத்து நாளில் இரண்டு பெரிய சிமெண்ட் குழாய்கள் லாரியில் வந்து சாலையோரம் இறங்கின. வியாழக்கிழமை வார்டெல் எண்பத்தைந்து என்று சொல்லிவிட்டு வந்தான். வீட்டில் கலவரம்.

"குழாய பொதைச்சாச்சா? ரோட்டோரமாத்தான கெடக்கு, பூன படுத்துத் தூங்குது உள்ள," என்றார் அத்தை.

"வந்திருக்குல்ல அத்தை. வந்ததுக்கு மார்க் குடுக்கணும். இல்லேன்னா நான் என்ன நேர்மையான ஆளு?"

அடுத்த வாரம் ஆட்கள் வந்தார்கள், சாலையைக் குறுக்கே வெட்டினார்கள், பழைய குழாயைப் பெயர்த்தெடுத்தார்கள். வார்டெல் தொண்ணூற்றைந்துக்குப் போனான். அந்த மஞ்சள் மண்வெட்டி இயந்திரத்தைப் பார்த்து அவன் கண் கலங்கியதை டெல்பர்ட் ஊருக்கே சொன்னான்.

அந்த நேரம் பார்த்து, தலைநகரில் ஒரு புள்ளியியல் பேராசிரியர் அட்டவணைகளை ஒன்றின்மேல் ஒன்றாக வைத்துப் பார்த்து, இணையத்தில் எழுதினார்: மாநிலத்தின் இத்தனை மாத அலையும் ஒரே ஒரு மனிதர், அவர் யாரென்று தெரியாது, அவருக்கு ஏதோ சொந்தப் பிரச்சினை இருக்கிறது. பேராசிரியர் சொன்னதில் தவறில்லை. நிறுவனம் வெட்கப்பட்டுக் கணக்கைத் திருத்தியது. வார்டெலின் பாரம் இறக்கிவைக்கப்பட்டது. முப்பது பேராயிருந்தவன் ஒருவனானான். திருத்திய அட்டவணையில் லொரீனா எங்கள் கட்டத்தைத் தேடினாள். 'இதர' என்று ஒரு கட்டம் இருந்தது. அதற்குள் போய்விட்டோம்.

திங்கட்கிழமை அந்த மஞ்சள் இயந்திரம் வரவில்லை. செவ்வாய்க்கிழமை வந்தது, லாரியில் ஏறிக்கொண்டு போனது. வேறொரு மாவட்டத்தில் அவசர வேலையாம். அங்கே கணிப்பில் போட்டி கடுமையாக இருந்தது. எங்கள் சாலையின் குறுக்கே ஆள் ஆழத்துக்குப் பள்ளம் திறந்து கிடந்தது. முன்பு மழைக்கு மட்டும்தான் வழி அடைபட்டது. இப்போது வெயிலுக்கும் அடைபட்டது.

ஒரு மனிதனுக்கு முப்பது பேர் எடை என்றால் ஆளுநர் படகில் வருவார். அவனுக்கு அவன் எடை மட்டும்தான் என்றால் மண்வெட்டிகூடத் திரும்பிப் போய்விடும். இந்த நாட்டில் எல்லா மனிதரும் சமம் என்று எழுதிவைத்தவர்கள், எந்தத் தராசில் என்று எழுத மறந்துவிட்டார்கள்.

வியாழக்கிழமை ட்ரிஷா கூப்பிட்டாள்.

"சுழியம்," என்றான் வார்டெல்.

"சுழியமா மிஸ்டர் சேவிஸ்?"

"அதுக்குக் கீழ ஏதாவது இருக்கா மேடம்?"

"இல்ல. அங்கேயே முடிஞ்சிடுது."

சுழியத்தால் கணிப்பு ஒரு மயிரிழைகூட அசையவில்லை. அக்டோபர் மாதம் கரைந்துகொண்டிருந்தது. டயாலிசிஸ் நாட்களில் அத்தையைச் சாப்பாட்டு நாற்காலியில் உட்காரவைத்து, ஆளுக்கொரு பக்கம் தூக்கி, பள்ளத்தில் இறக்கி, மறுகரையில் ஏற்றினோம். அவர் எடை குறைவுதான். பேச்சுத்தான் அதிகம். ஆனால் வர வர, திரும்பும் வழியில் அவர் பேசவில்லை. டாக்டர், "ஒரு தடவைகூட விடக் கூடாது" என்று லொரீனாவிடம் தனியாகச் சொன்னார். அடைமழை பிடித்தால் அந்தப் பள்ளம் குளமாகிவிடும்.

வார்டெல் கடைசியில் செய்ததை அவன் அப்பா கேள்விப்பட்டிருந்தால் கல்லறையில் புரண்டு படுத்திருப்பார். பக் ஸ்ட்ரிக்லண்டுக்குப் போன் போட்டான்.

"நான் நீலம்தான். அத மொதல்லயே சொல்லிடறேன்," என்றான். "ஆனா ஆளுநரு எங்க ரோட்டுல ஒரு பள்ளம் வெட்டிட்டுப் போயிட்டாரு."

பக்குக்கு அது கிறிஸ்துமஸ். தேர்தலுக்கு முந்தின வியாழக்கிழமை, மடக்கு நாற்காலி, குடை, காப்பிக் குடுவையோடு பள்ளத்தின் வடகரையில் உட்கார்ந்து நேரடி ஒலிபரப்புத் தொடங்கினார். "ஆளுநரின் வாக்குறுதியை நான் இப்போது பார்த்துக்கொண்டிருக்கிறேன், நண்பர்களே. உள்ளே ஒரு தவளை இருக்கிறது." ஒன்றரை மணி நேரத்தில் மிஸ் அலீன் தன் நாற்காலியோடு சுற்றுவழியில் வந்து, எங்கள் பக்கத்துத் தென்கரையில் இறங்கினார். நிலையத்திடம் வெளியிடத்துக்கான மைக் ஒன்றே ஒன்று. இருவரும் நேரில் பேச மாட்டார்களே. ஆகவே டெல்பர்ட், பெயிண்ட் உருளை மாட்டுகிற நீளக் கம்பின் நுனியில் மைக்கைக் கட்டி, ஒவ்வொருவர் முறைக்கும் பள்ளத்துக்கு மேலாக நீட்டி வாங்கிக்கொண்டிருந்தான்.

"அவருகிட்டச் சொல்லு, இது வேல நடக்குற எடம், வாக்குறுதி மீறல் இல்லேன்னு," என்றார் அலீன்.

"அந்தம்மாகிட்டச் சொல்லு, வேல நடந்தா ஆளு இருப்பாங்கன்னு. தவளதான் இருக்கு," என்றார் பக்.

"தோண்டினது யாரு? செனட்டர் ட்ரேப்பரா? தோண்டறதுக்கே ஒரு மனசு வேணும்."

"மூடறதுக்கு?"

அலீன் பதிலுக்குத் தயாராகும்போது நாங்கள் அத்தையை நாற்காலியோடு தூக்கிவந்தோம். டயாலிசிஸுக்கு நேரமாகிவிட்டது. அன்று பார்த்து எங்களில் ஒருவன் குறைவு; டெல்பர்ட் கையில் மைக் கம்பு. நாற்காலியின் நாலாவது கால் அந்தரத்தில் நின்றது. அத்தை கண்ணைத் திறந்து சுற்றிப் பார்த்தார்.

"அலீன்தான நீ? தெனம் கேக்குறேன். குரல் நல்லா இருக்கு. இந்தக் கால கொஞ்சம் புடி."

"நானா?"

"கை இருக்குல்ல?"

மிஸ் அலீன் மெக்நீல், முத்துமாலையோடும் குதிகால் செருப்போடும், ராப்சன் மாவட்டத்துச் சேற்றில் இறங்கினார். மைக் வடகரைக்குப் போயிருந்ததால் இதை மாவட்டத்துக்கு வர்ணித்தது பக். "நண்பர்களே, நீலக் கட்சி சாய்கிறது. இல்லை, நிமிர்ந்துவிட்டது. ஒரு செருப்பு போய்விட்டது. அந்த அம்மாவை... ஏம்மா, பாத்து, அந்தப் பக்கம் வழுக்குது..." பிறகு கொஞ்ச நேரம் வானொலியில் சத்தமே இல்லை, ஏனென்றால் பக்கும் இறங்கி நாற்காலியைப் பிடித்துவிட்டார்.

அத்தையை வண்டியில் ஏற்றி அனுப்பிய பிறகு அலீன் கரையில் நின்று மூச்சு வாங்கினார். கையை நீட்டினார். டெல்பர்ட் மைக்கைக் கொடுத்தான்.

"ஆளுநர் அவர்களே," என்றார். "உங்களுக்காக நான் எத்தனையோ பேசியிருக்கிறேன், இன்னும் பேசுவேன். ஆனால் இந்தச் சாலையின் பெயர் பிரஷ் க்ரீக் சாலை. குழாய் புதைத்து மண் மூடும் வரை, மணிக்கு நாலு தடவை இந்தப் பெயரை நான் சொல்லிக்கொண்டேயிருப்பேன். பாட்டுக்கு நடுவிலும் சொல்வேன்."

"காலையில நான் சொல்றேன்," என்றார் பக். நேராக அவர் முகத்தைப் பார்த்து.

சொன்னார்கள். வெள்ளியும் சனியும், வானிலை அறிக்கைக்கு நடுவில், பன்றி விலைக்கு நடுவில், இறந்தோர் அறிவிப்புக்கு நடுவில். வேறு நிலையங்கள் எடுத்துப் போட்டன. ஞாயிற்றுக்கிழமை, ஓய்வு நாளென்றும் பாராமல், மஞ்சள் இயந்திரம் திரும்பி வந்தது. திங்கட்கிழமை பொழுது சாய்வதற்குள் குழாய் இறங்கி, மண் மூடி, மேலே தார் கொட்டியாகிவிட்டது. தார் இன்னும் சூடாக இருக்கும்போதே எங்கள் ஊர் முழுக்கப் போய் அதன்மேல் நின்றது.

செவ்வாய்க்கிழமை தேர்தல். விடியற்காலையிலிருந்து அடைமழை. வாக்குச்சாவடி ஓடைக்கு அந்தப் பக்கத்துப் பள்ளிக்கூடத்தில். ஒவ்வொரு வண்டியும் புதுத் தாரின்மேல் வேகத்தைக் குறைத்து, கண்ணாடியை இறக்கி, கீழே தண்ணீர் குழாய் வழியாகச் சத்தத்தோடு ஓடுவதைக் கேட்டுவிட்டுப் போனது. அத்தை டயாலிசிஸுக்குப் போகிற வழியில் ஓட்டுப் போட்டார். வார்டெல் திரைக்குள் வெகுநேரம் நின்றான். கூட்டிக் கழித்திருப்பான். யாருக்குப் போட்டான் என்று லொரீனாவிடம்கூடச் சொல்லவில்லை. ட்ரிஷா கேட்டிருந்தால் சொல்லியிருப்பான், ஆனால் கணிப்பு போன வாரமே முடிந்துவிட்டது.

மாலையில் பக்கும் அலீனும் முதல்முறையாக ஒன்றாக, இரண்டு நாற்காலி போட்டு, முடிவுகளுக்காகக் காத்திருந்து பேசினார்கள். பிரஷ் க்ரீக் சாவடியில் வழக்கமாக விழுவதைப்போல இரண்டு மடங்கு ஓட்டு விழுந்திருப்பதாகச் செய்தி வந்தது. செனட்டரின் வரிக்குறைப்பு கிராமத்தை உலுக்கிவிட்டது என்றார் பக். ஆளுநர் படகில் ஏறிய அந்த எளிமைதான் காரணம் என்றார் அலீன். வார்டெல் வண்டிச் சாவியைக் கையில் வைத்துக்கொண்டே நிலையத்துக்குப் போன் போட்டான்.

"லைன்ல யாரு?"

"வார்டெல் சேவிஸ், மிஸ் அலீன். பிரஷ் க்ரீக்."

"சொல்லுங்க வார்டெல். உங்க கணிப்பு என்ன?"

"கணிப்பு எல்லாம் இல்ல. ரோட்டுல தண்ணி நிக்கல. அதான் வந்தாங்க."

ரேடியோவில் இரண்டு நாற்காலிகளும் நகரும் சத்தம்.

"அதாவது நீங்க சொல்ல வர்றது," என்றார் அலீன், "ஆளுநரோட உள்கட்டமைப்புத் தொலைநோக்கு..."

"கெடையாது, கெடையாது," என்று பக் குறுக்கே விழுந்தார், "அரசோட மெத்தனத்துக்கு எதிரான ஒரு..."

அவர்கள் பேசிக்கொண்டிருக்கும்போதே வார்டெல் போனை வைத்துவிட்டு, அத்தையைக் கூட்டிவரக் கிளம்பினான். மழை இன்னும் விடவில்லை. போகவர அரை மணி நேரம்கூட ஆகவில்லை.